பன்னிரண்டு மீட்டர்

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் கையில் இருக்கும் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது: விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்பது மட்டும் அதில் இல்லை. தேனாம்பேட்டையில், அண்ணா சாலையைப் பார்த்த கட்டிடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கக் கம்பெனியின் வரைபடப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவு இப்போது இல்லை. அந்த இடத்தில் பார்வையாளர்களுக்கு சோபா போட்டிருக்கிறார்களாம்.

நான் படித்த பெண்கள் பாலிடெக்னிக்கிலிருந்து போன மாதம் இரண்டு மாணவிகள் வீடு தேடி வந்தார்கள். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். எழுந்து போகும்போது ஒருத்தி கேட்டாள்: "எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுச்சே மேடம், இன்னும் எதுக்கு எங்களைக் கையால வரையச் சொல்றாங்க?" கையால் வரைவது உயர்ந்தது, இயந்திரம் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டையும் செய்தவள் நான். நடந்ததை எழுதுகிறேன். பதில் இருந்தால் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீடு பட்டினப்பாக்கம். அப்பாவுக்குக் கடல், அம்மாவுக்கு மீன்கடை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க் வந்தது. ஒரு டீச்சர் பாலிடெக்னிக் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். மூன்று வருடம் போனது தெரியவில்லை. கம்பெனியின் தேர்வில் ஒரு பழைய வரைபடத்தைக் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் பிரதி எடுக்கச் சொன்னார்கள். பதினாறு பேரில் என்னை மட்டும் எடுத்தார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்க மாட்டேன்.

பிரிவில் ஒன்பது மேசைகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுக்கலாம் போல நீளம். எங்கள் வேலை, குவாரிகளிலிருந்து வரும் அளவுகளைப் படமாக்குவது. குழி எவ்வளவு அகலம், படிப்படியாக வெட்டி இறங்கும் அந்தக் குழியில் எந்தப் படி எவ்வளவு ஆழம், வெட்டிய மண் எங்கே குவிந்திருக்கிறது, ஊர் எங்கே, ஏரி எங்கே. பழைய படங்கள் துணி ஒட்டிய கெட்டித் தாளில் இருக்கும். அவற்றின் மேல் ஒளி ஊடுருவும் படலத்தை விரித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, முகப்பவுடர் மாதிரி ஒரு வெள்ளைத் தூளைத் தூவித் துடைப்போம். கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை பட்டால் மை பிடிக்காது. அதனால் மேசைக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

முதல் நாள் எங்கள் தலைவர் பார்த்தசாரதி சார் என்னைப் பார்த்து, "கையை நன்னா அலம்பிண்டு வாம்மா" என்றார். மீன்காரி மகள் என்று விண்ணப்பத்தில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. பாத்ரூம் குழாயடியில் மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். திரும்பும்போது அவர் எனக்குப் பின்னால் முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மயிலாப்பூர்க்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்பாகப் பேசியும் கேட்டதில்லை. நாம் முடித்த படத்தைத் தன் மேசையில் விரித்து, மேலிருந்து கீழாக, ஒரு அடி அகலத்துக்கு ஒரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். தப்பு தெரிந்தால் சொல்ல மாட்டார். அதற்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். அந்த வரிசையில் தப்பு எங்கே என்று நாமே தேட வேண்டும். என் முதல் படத்தில் இருபத்தொரு புள்ளிகள். புள்ளியில்லாமல் ஒரு படம் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது. நான்கு வருடம் ஆகியும் குறைந்தது இரண்டு புள்ளியாவது விழும்.

ஐந்தாவது வருடம் கம்ப்யூட்டர் வந்தது. இரண்டு கம்ப்யூட்டர், மேசை அளவுக்கு ஒரு டிஜிட்டைசர் பலகை, எட்டு நிறப் பேனாக்களைத் தானே மாற்றி மாற்றி எடுத்து வரையும் ஒரு பிளாட்டர். அதற்கென்று கண்ணாடித் தடுப்பு வைத்து ஏ.சி. போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒன்பது பேரில் இருவர் போதும் என்றார்கள். ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு தேர்வு வைத்து என்னையும் இன்னொரு பையனையும் எடுத்தார்கள். அவன் ஆறே மாதத்தில் துபாய்க்குப் போய்விட்டான். மிஞ்சியது நான். மற்ற ஏழு பேரில் சிலர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள், சிலர் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள். எங்களில் மூத்தவரான தணிகாசலம் அண்ணன் தபால் பிரிவுக்குப் போனார். அவருக்காக வருத்தப்பட்டு ஏதோ சொன்னேன். "அட போமே, இருபத்தாறு வருசம் குனிஞ்சிகினே கெடந்தேன். இப்பத்தான் நிமுந்து ஜன்னலாண்ட பாக்கறேன்" என்றார்.

வேலை இதுதான். பழைய படத்தைப் பலகையில் ஒட்டி, நான்கு மூலைகளையும் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்ட வேண்டும். பிறகு சோப்பு டப்பா அளவுள்ள ஒரு கருவியை, அதன் கண்ணாடியிலுள்ள குறுக்குக் கோடு சரியாகப் படத்தின் கோட்டின் மேல் வரும்படி நகர்த்தி, பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு நூறு அமுக்கல், இருநூறு அமுக்கல். ஒவ்வொரு கோடும் எந்த மட்டத்தில், அதாவது எவ்வளவு உயரத்தில், இருக்கிறது என்ற எண்ணைத் தட்ட வேண்டும். இப்படி ஏற்றிய பிறகு, எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் குழியின் குறுக்குத் தோற்றம் ஒரு நிமிடத்தில் திரையில் வந்துவிடும். கையால் என்றால் நான்கு நாள். சொல்லிக்கொடுக்க வந்த பையன் எனக்கு ஒரு விதி சொன்னான்: பார்டருக்கு உள்ளே இருப்பதை மட்டும் ஏற்றுங்கள், வெளியே ஓரத்தில் இருப்பதெல்லாம் குப்பை, மெமரியை அடைக்கும். எழுதிக்கொண்டேன். அதன்படியே செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி என்ற பேச்சு பெரிதானது. வெட்டுவதற்கு மட்டும் திட்டம் கொடுத்தால் போதாது. வெட்டி முடித்த குழியை என்ன செய்வீர்கள், மரம் எங்கே நடுவீர்கள், ஊர்த் தண்ணீர் என்ன ஆகும் என்று எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். எங்கள் டி.ஜி.எம்., அதாவது துணைப் பொது மேலாளர், ஒரு மைனிங் என்ஜினியர், நல்ல சுறுசுறுப்பு. அவருக்குப் படத்தில் பச்சை அதிகம் தெரிய வேண்டும். எட்டுப் பேனாவில் எப்போதும் பச்சைதான் முதலில் தீர்ந்துபோகும். குவாரியில் நட்ட கன்றுகளை விட நான் பிளாட்டரில் நட்ட மரங்கள் அதிகம் என்று தணிகாசலம் அண்ணன் கேலி செய்வார்.

இனி அந்த ஒரு படத்துக்கு வருகிறேன்.

அரியலூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு பழைய குவாரி. மேல்மட்டக் கல் தீர்ந்துகொண்டே வந்தது. இன்னும் இரண்டு படி ஆழமாக வெட்ட அனுமதி கேட்டார்கள். கிடைத்தால் பதினைந்து வருடம் ஓடும். குவாரியிலிருந்து அரைக் கிலோமீட்டரில் ஒரு ஊர். அந்த ஊரின் குடிநீர், விவசாயம் எல்லாம் கிணறுகளில்தான். குழியின் அடி கிணற்றுத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போனால், ஊற்று எல்லாம் குழிக்குள் வடிந்துவிடும், ஊர்க் கிணறு வற்றும். அதனால் அனுமதி முழுக்க ஒரு கேள்வியில்தான் நின்றது: குழியின் அடி, தண்ணீருக்கு மேலேயா, கீழேயா?

குவாரிப் படத்தைப் பழைய தாளிலிருந்து நான் ஏற்றினேன். ஊரையும் கிணறுகளையும் வெளியாட்கள் புதிதாக அளந்து பிளாப்பியில் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்தேன். சாலையும் வாய்க்காலும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. குறுக்குத் தோற்றம் எடுத்தேன். குழியின் அடித்தளம் 70 மீட்டர் மட்டத்தில். கோடையில் கிணற்றுத் தண்ணீர் 64. ஆறு மீட்டர் மேலே. பயமில்லை. ஏழு நிறத்தில் அச்செடுத்து பார்த்தசாரதி சாரின் மேசையில் வைத்தேன். அவர் வழக்கம் போல வரிசை வரிசையாகப் பார்த்தார். அரைமணி நேரம். ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

திட்டம் அரசு அலுவலகத்துக்குப் போன பிறகு, அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்கள் ஐந்து பேரை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். விளக்கிச் சொல்லி, காபி கொடுத்து அனுப்புவதற்கு. படத்தைச் சுவரில் மாட்டினோம். டி.ஜி.எம். விளக்கினார். நான் ஓரமாக நின்றேன். அவர்களில் ராமலிங்கம் என்ற ஐம்பது வயதுக்காரர், வார்டு மெம்பர், படத்தின் அருகில் போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இது எங்க ஊருதானா?"

ஆமாம் என்றேன்.

"குவாரி கேட்டு வாசல் இவ்வளவு ஒசரத்துல நிக்குது. எங்க தெரு பள்ளத்துல கெடக்குது. எங்க ஊர்ல ஏதும்மா மலை? நான் தெனமும் சைக்கிள்ல போறவன். எறங்கித் தள்ளினதே கெடயாது."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். டி.ஜி.எம். என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய், நன்றாகத் தெரிந்த விஷயத்தை, நன்றாக விளக்கினேன். இந்த மாதிரிப் படத்தில் உயரத்தை மட்டும் ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது வழக்கம், இல்லாவிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் மேடு மலை மாதிரி இருக்கிறது என்றேன். "இது கம்ப்யூட்டர் போட்டதுங்க, தப்பா வராது" என்று வேறு சொன்னேன். அவர் தலையாட்டினார். "படிச்சவங்க சொல்றீங்க" என்று உட்கார்ந்துவிட்டார். டி.ஜி.எம். வெளியே வந்ததும் வெரி குட் என்றார்.

சாயங்காலம் அம்மாவிடம் இதைத் தமாஷாகச் சொன்னேன். அவள் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. "நீ அந்த ஊருக்குப் போய்க்கிறியா?" என்றாள். இல்லை என்றேன். ஆறு வருடமாக வரைகிறேன், எந்தக் குவாரியையும் பார்த்ததில்லை. பெண்களை அனுப்பும் வழக்கம் இல்லை. "அந்தாளு தெனமும் சைக்கிள் வுட்டுகினு கீறான். காலுக்குத் தெரியாதாடி மேடு பள்ளம்?" என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை, யாரும் வரும் முன் போய், உயரத்தைப் பெரிதாக்காமல் அந்தத் தோற்றத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போதும் குவாரி வாசல் ஊர்த் தெருவை விடப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தது. பன்னிரண்டு மீட்டர் என்றால் நான்கு மாடி. அரைக் கிலோமீட்டரில் நான்கு மாடி ஏறும் சாலையில் தினமும் சைக்கிள் மிதிப்பவரின் காலுக்கு அந்த ஏற்றம் தெரியாமல் இருக்காது.

இரும்பு அலமாரியைத் திறந்து பழைய தாளை எடுத்தேன். ஏற்றும்போது பத்து நாள் அதன் மேல் குனிந்திருந்தவள் நான். பார்டருக்கு வெளியே, கீழ் ஓரத்தில், சிவப்பு மையில் இரண்டு வரி இருந்தது. "இப்படத்தில் உள்ள மட்டங்கள் குவாரி ஆபீஸ் வாசற்படியை 100 என்று வைத்துக்கொண்டவை. கடல் மட்டத்துக்கு 12 கழிக்கவும்."

குவாரி தொடங்கிய காலத்தில், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பொறித்த அரசாங்கக் கல் பக்கத்தில் இல்லை. தங்கள் வாசற்படியை நூறு என்று வைத்துக்கொண்டு அளந்துவிட்டார்கள். கிணறுகளை அளந்த வெளியாட்களோ கடல் மட்டத்திலிருந்து அளந்திருந்தார்கள். இரண்டு வேறு அளவுகளை நான் ஒன்றாக ஒட்டிவிட்டேன். 70-இல் 12 கழித்துப் பார்த்தேன். 58. தண்ணீர் 64. ஆறு மீட்டர் மேலே என்று நான் காட்டியது, ஆறு மீட்டர் கீழே. அந்தக் குழியை வெட்டினால் ஊர்க் கிணறுகள் வற்றும். படத்தில் என் கை இருக்கிறது. படம் அரசு அலுவலகத்தில் இருக்கிறது.

தாளைச் சுருட்டிக்கொண்டு தபால் பிரிவுக்குப் போனேன். எழுத்து தணிகாசலம் அண்ணனுடையது என்று தெரியும். அவர் கவர்களுக்குக் கோந்து தடவிக்கொண்டிருந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"கழிக்காம வுட்டுட்டியா?"

தலையாட்டினேன்.

"கடலாண்ட பொறந்த பொண்ணு, கடல் மட்டத்தயே வுட்டுட்டியே" என்று சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கோந்துக் குச்சியை வைத்துவிட்டு, தானும் ஒருமுறை அப்படித் தப்பு பண்ணியதாகவும், அதற்குப் பிறகுதான் சிவப்பில் எழுதியதாகவும் சொன்னார். இதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா என்றேன். "யாரு வந்து கேட்டீங்க? உள்ள ஏ.சி. ரூமு. செருப்ப கய்ட்டிட்டு வந்து சொல்லணுமா?" என்றார். அதில் கோபம்கூட இல்லை.

பார்த்தசாரதி சார் தாளையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோடு எங்கயும் நடுங்கலை. எழுத்து அச்சுப் போல இருந்தது. நான் தேடறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லைம்மா. அதுனால தப்பு இல்லேன்னு நெனச்சுண்டுட்டேன்" என்றார். அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தையும் அவர் அந்த நேரத்தில் எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். எண்ணிவிட்டு எழுந்து, "வா, மேல போய்ச் சொல்லலாம்" என்றார்.

டி.ஜி.எம். முதலில் நம்பவில்லை. யாரோ எப்போதோ சிவப்பு மையில் கிறுக்கியது ஆதாரமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரயில்வே ஸ்டேஷனில் இருக்கும் கடல் மட்டக் குறியிலிருந்து குவாரி வாசற்படி வரை மட்டம் எடுக்க இரண்டு சர்வேயர்களை அனுப்பினார்கள். நானும் போகிறேன் என்று கேட்டேன். தேவையில்லை என்றார்கள். நான்கு நாள் கழித்து போன் வந்தது. வாசற்படி கடல் மட்டத்துக்கு மேல் 88. சென்டிமீட்டர் கணக்கில்தான் வித்தியாசம்.

அதன் பிறகு மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. டி.ஜி.எம்.மைப் பற்றிச் சிலர் தவறாகப் பேசியதுண்டு, அதனால் இதைச் சொல்கிறேன். குழியில் தண்ணீர் பீறிட்டால் முதலில் நிற்கப்போவது அவர் இயந்திரங்கள்தான். திட்டத்தைத் திரும்பப் பெற்றுத் திருத்திக் கொடுப்பது என்று முடிவானது. பிரச்சினை, காரணம் எழுதுவதில் வந்தது. அவர் எழுதிக் கொடுத்த வரைவில் ஒரே வரி: கணினிக் கோளாறு காரணமாக மட்டங்களில் பிழை நேர்ந்துவிட்டது.

பார்த்தசாரதி சார் அதை என்னிடம் கொடுத்தார். படத்தைத் தயாரித்தவள் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட வேண்டும்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணலை சார். நான் கொடுத்த எண்ணைத்தான் அது போட்டது" என்றேன்.

"தெரியும். இப்படி எழுதினா உன் வேலைக்கு ஒண்ணும் வராது. எனக்கும் பென்ஷன்ல கை வைக்க மாட்டா. கம்ப்யூட்டரை யாரும் வேலையை விட்டு அனுப்பப் போறதில்லை."

"மத்த ஏழு குவாரியும் நான்தானே ஏத்தினேன். எல்லாத்துலயும் ஓரத்தை விட்டுட்டுத்தான் ஏத்தினேன். கோளாறுன்னு எழுதிட்டா கம்ப்யூட்டர்காரனைக் கூப்பிட்டுச் சரிபண்ணச் சொல்லுவாங்க. அவன் வந்து நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவான். அந்த ஏழையும் யார் சார் பாப்பாங்க?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். என்ன நடந்தது என்று எட்டு வரியில் எழுதினேன். பழைய படத்தின் ஓரத்தில் இருந்த குறிப்பைச் சேர்க்காமல் விட்டது நான், இரண்டு அளவுகளை ஒப்பிடாமல் சேர்த்தது நான், இதே முறையில் தயாரித்த மற்ற ஏழு படங்களையும் சரிபார்க்க வேண்டும். கீழே முழுப் பெயரைப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, சரிபார்க்கத் தவறியது தான் என்று இன்னொரு வரியைத் தன் கையால் சேர்த்து அவரும் போட்டார். அவர் பென்ஷனைப் பற்றி என்ன முடிவானது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஏழு படங்களையும் அவரும் நானும் இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டில் இதே கதை. நல்ல வேளையாக அங்கே பக்கத்தில் ஊர் இல்லை. தணிகாசலம் அண்ணன் தபால் வேலை முடிந்து மாலையில் வந்து, எந்தக் குவாரியில் எந்த வாசற்படி, எந்தப் பம்புசெட் மேடை என்று ஞாபகத்திலிருந்து சொல்வார். ஏ.சி. அறைக்குள் செருப்போடுதான் வருவார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குறிப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்ற முடியாதது எதுவும் அதில் இல்லை. முதலிலேயே ஏற்றியிருக்கலாம்.

இது நடந்து மூன்று வருடம் நான் அங்கே இருந்தேன். யாரும் திட்டவில்லை. சம்பள உயர்வு மட்டும் வரவில்லை. பார்த்தசாரதி சார் போன பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் போடவில்லை. பிறகு வரைபட வேலை முழுவதையும் வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பெருங்குடிப் பக்கம் புதிதாக அலுவலகம் போட்டிருந்தார்கள். எனக்கு அங்கே வேலை உண்டா என்று விசாரித்தேன். டிகிரி வேண்டுமாம். என் ஒப்புதல் கடிதத்தால்தான் பிரிவை மூடினார்களா, எப்படியும் மூடியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. யோசித்து யோசித்து அலுத்துவிட்டது.

இப்போது தி.நகரில் ஒரு கட்டிட கான்ட்ராக்டரிடம் பாதி நாள் வேலைக்குப் போகிறேன். படுக்கையறையும் சமையலறையும் வரைகிறேன். எந்தப் படத்தை எடுத்தாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. திருத்திய திட்டத்தை விளக்க அந்தப் பஞ்சாயத்துக்காரர்களை மறுபடி அழைத்திருந்தார்கள். அதே அறை, அதே காபி. இந்த முறை என்னைப் பேசச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் ராமலிங்கம் தானே எழுந்து வந்து படத்தின் முன் நின்றார். விரலை ஊர்த் தெருவில் வைத்து, குவாரி வாசல் வரை மெதுவாக நகர்த்தினார். கோடு ஏறக்குறைய மட்டமாக இருந்தது.

"இப்ப சரி. இது எங்க ஊரு" என்றார்.

அன்று தப்பாகச் சொன்னது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. குழியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முன்பிருந்த படத்தை விட இரண்டு படி மேலே நின்றிருந்தது.

"இதுக்குக் கீழ வெட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப குவாரி எத்தினி வருசம் ஓடும்மா?"

முன்பு பதினைந்து என்று இதே அறையில் சொல்லியிருந்தோம். "நாலு வருஷம்" என்றேன்.

அவர் தன் தம்பி அங்கே டிப்பர் ஓட்டுகிறான் என்றார். நீதானே அங்கே போய்க் கேள்வி கேட்டே என்று வீட்டில் கேட்பான் என்றார். பிறகு, என்னிடம் சொல்வது போலவும் இல்லை, தனக்கே கணக்குப் போட்டுக்கொள்வது போல,

"நாலு வருசம்னா அவன் பொண்ணு பத்தாவது முடிச்சிரும்" என்றார்.

நான் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, சுருட்ட உதவினார்.